தூசியில் இரும்பு, கடலில் பஞ்சம்

2008-ல் இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் வாக்கில் புஜைரா பக்கம் கடல் செம்பழுப்பாக மாற ஆரம்பித்தது. பேப்பரில் ‘ரெட் டைட்’ என்று போட்டார்கள். கோக்ளோடினியம் என்கிற நுண்பாசி எட்டு மாதத்துக்கு மேல் பெருகி, வளைகுடாவிலும் ஓமன் கடலிலுமாக 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரையைத் தொட்டது. மீன்கள் செத்து ஒதுங்கின. கடல்நீரைக் குடிநீராக்கும் சில ஆலைகளை நிறுத்த வேண்டி வந்தது. நம்ம வீட்டுக் குழாயில் வர்ற தண்ணி பெரும்பாலும் அங்கிருந்துதானே வருது!

பாசி வளர நைட்ரஜன், பாஸ்பரஸ் மாதிரி இரும்பும் வேண்டும். இங்கே இரும்புக்கா பஞ்சம் என்று தோன்றும். ஷமால் அடிச்ச மறுநாள் கார் மேல படிஞ்ச செந்தூசியைப் பாருங்க, அந்த நிறமே இரும்புத் துருதான். ஆனால் ஆக்சிஜன் கலந்த கடல்நீரில் துரு லேசில் கரையாது. அடியில் போய்ப் படிந்துவிடும். கரையை விட்டு விலகிய கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. பாலைவனத்தை ஒட்டிக் கிடக்கிற ஓமன் பக்கத்து அரபிக்கடலிலேயே தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பாசிகளுக்கு இரும்பு போதாமல் போகிறது.

கடல் பாக்டீரியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறைச் செய்து வெளியே விடும். நண்டு கொடுக்கால் கவ்வுவது போல அது இரும்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு பாக்டீரியா இரண்டையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அத்தனை பெரிய கடலில் விட்ட பொருள் திரும்பி வருமா? மரினோபேக்டர் இனத்தில் சில, சிடரோஃபோருக்குக் கொழுப்பு வால் ஒன்றை ஒட்டிவிடுகின்றன. வால் பாக்டீரியாவின் மேலுறையில் ஒட்டிக்கொள்ளும். கிணற்றில் வாளியை விட்டால் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்கிறோமே, அதே கதை. (தானே செய்யாமல், அடுத்தவர் விட்ட சிடரோஃபோரை அள்ளிக்கொண்டு போகிற ஓசிக்காரப் பாக்டீரியாக்களும் உண்டு!)

அதே மரினோபேக்டரில் வேறு சில செய்கிற வைப்ரியோஃபெரின் இன்னும் வேடிக்கையானது. இரும்பைப் பிடித்த நிலையில் வெயில் பட்டால் உடைந்துபோகும். உடைந்ததும் இரும்பு கைநழுவித் தண்ணீரில் கலக்கும், பக்கத்தில் இருக்கிற பாசி அதை எடுத்துக்கொள்ளும். கஷ்டப்பட்டுச் சேர்த்ததை இப்படி விடுவானேன்? பாசி ஒளிச்சேர்க்கையில் உண்டாக்கும் கரிமப் பொருள்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இரும்பைக் கொடுத்துச் சோற்றை வாங்குகிற பண்டமாற்று இது என்று 2009-ல் ஒரு அமெரிக்க ஆய்வுக்குழு எழுதியது. அவர்கள் சோதித்துப் பார்த்த பாசி ஒரு டைனோஃபிளாஜெல்லேட். நம்ம கடலைச் சிவக்க வைத்த கோக்ளோடினியமும் அதே வகையறாதான்.