பீன்சுக்கு எத்தனை பூட்டு?



பீன்ஸ் காயின்மேல் பழுப்பு நிறத்தில், குழி விழுந்த புள்ளிகளை நீங்கள் பார்த்ததுண்டா? அது 'ஆந்த்ரக்னோஸ்' என்னும் நோயின் அடையாளமாக இருக்கலாம். இதை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள காலத்தில், தெறிக்கும் மழைத்துளிகளோடு இதன் வித்துகள் செடிக்குச் செடி பரவும். விதைக்குள்ளும் ஒளிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கென உழவர் எடுத்துவைக்கும் விதையோடு நோயும் சேர்ந்தே முளைக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஏழை மக்களுக்குப் புரதம் தருவது பீன்ஸ் விதையே. மருந்து தெளிக்க எல்லாராலும் முடியாது. செடிக்கே எதிர்ப்பாற்றல் இருந்தால் நல்லதல்லவா?

அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரஸ் என்பவர் 1911இல் ஒரு புதுமையைக் கண்டார். ஓரிடத்துப் பூஞ்சையை எதிர்த்து நின்ற பீன்ஸ் வகை, வேறோர் இடத்துப் பூஞ்சைக்கு இரையாயிற்று. பூஞ்சையிலும் இனங்கள் உண்டு! அவற்றுக்கு ஆல்பா, பீட்டா என்று பெயரிட்டனர். 1923இல் காமாவும் வந்து சேர்ந்தது. கதிர்களுக்கு மட்டும் உரிய பெயர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்!

பின்னர் 'கார்னெல் 49-242' என்னும் கறுப்பு விதை பீன்சில் ஒரு சிறந்த ஜீன் இருப்பது தெரிந்தது. நெதர்லாந்தின் மாஸ்டன்புரூக் 1960இல் இதை விளக்கினார். நல்ல விளைச்சல் தரும் செடியின் மொட்டில் மகரந்தப் பைகளை அகற்றி, இதன் மகரந்தத்தைத் தூவினர். முளைத்த நாற்றுகள்மேல் பூஞ்சை வித்துகளைத் தெளித்தனர். பிழைத்தவற்றை மீண்டும் மீண்டும் நல்ல வகையோடு கலந்தனர். ஐரோப்பா நிம்மதி அடைந்தது. ஆனால் 1970களில் ஜெர்மனியில் 'கப்பா' என்னும் புதிய இனம் அந்தத் தடையையும் உடைத்தது.

என்ன செய்யலாம்? இங்கே சிறிது கணக்குப் போடுவோம். எதிர்ப்பு ஜீனை ஒரு பூட்டு என்று கொள்வோம். பத்து லட்சம் வித்துகளில் ஒன்று மட்டும் மாற்றமடைந்து அதைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயலில் வித்துகளுக்கா பஞ்சம்? பூட்டு விரைவில் திறந்துவிடும். ஒரே செடியில் இரண்டு பூட்டுகள் இருந்தால், இரண்டையும் ஒருசேரத் திறக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றே! ஆனால் ஒன்று கவனியுங்கள். பக்கத்து வயல்களில் ஒற்றைப் பூட்டுச் செடிகள் இருந்தால், பூஞ்சை ஒவ்வொன்றாகத் திறக்கப் பழகிவிடும்.

ஒரு ஜீன் உள்ள செடியும் இரண்டு உள்ள செடியும் நோயின்றி ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே இன்று டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிகிறார்கள்.

புதிய பூட்டுகளுக்கு எங்கே போவது? பீன்ஸ் பயிர் மெக்சிகோ பகுதியிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியே தோன்றியது. ஒரு பகுதியின் எதிர்ப்பு ஜீன், மறுபகுதிப் பூஞ்சையைப் பெரும்பாலும் நன்றாகத் தடுக்கிறது. இரு பகுதி ஜீன்களையும் ஒரே செடியில் சேர்ப்பதே இன்றைய முயற்சி. கொலம்பியாவில் பால்மிராவிலுள்ள விதை வங்கியில் 35,000க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. சந்தையில் யாரும் வாங்காத ஒரு சிறு விதையில்தான் நாளைய பூட்டு இருக்கக்கூடும்!