அங்கத்தினர் மறைந்தபின் குடும்பத்தார் செய்ய வேண்டுவன

சாவைப் பற்றி முன்கூட்டிப் பேசுவது அமங்கலம் என்று கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தறிக்கு நூல் எவ்வளவு, வயலுக்கு உரம் எவ்வளவு என்று கணக்கிட்டு வாழும் குடும்பங்கள்கூட, குடும்பத் தலைவர் கண்ணை மூடினால் என்ன செய்வது என்று யோசிப்பதில்லை. அதனால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகிறது. சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் அலுவலில் இதனைப் பலமுறை கண்டவன் என்ற முறையில், அங்கத்தினர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே வரிசைப்படுத்திக் கூறுகிறேன்.

மரணப் பதிவு

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, மரணத்தை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரங்களில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் தெரிவிக்கலாம். மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால் தெரிவிப்பது மருத்துவமனையின் பொறுப்பு. ஆயினும் பதிவாயிற்றா என்று விசாரித்தறிவது குடும்பத்தாரின் கடமை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்றிருந்தால், மிஞ்சுவது ஐந்தே நாட்கள். 21 நாள் கடந்தால் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு பெற்றே பதிவு செய்ய முடியும்.

சான்றிதழில் காணும் பெயர், ஆதார் அட்டையிலும் சங்கப் புத்தகத்திலும் உள்ள பெயருடன் ஒத்திருத்தல் அவசியம். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்று மாறியிருந்தாலும் பின்னால் ஒவ்வோர் அலுவலகத்திலும் அது தடையாக வந்து நிற்கும். பதியும்போதே படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பெட்டியிலுள்ள காகிதங்கள்

அடுத்தபடியாக, இறந்தவர் வைத்திருந்த காகிதங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்க்க வேண்டும். சங்கப் பாஸ் புத்தகம், பங்குச் சான்று, வங்கிப் புத்தகம், நகைக் கடன் சீட்டு, பட்டா, காப்பீட்டுப் பத்திரம் ஆகிய எதையும் எறிந்துவிடலாகாது. நகைக் கடன் சீட்டைக் கவனியாது விட்டால் வட்டி வளர்ந்து, தவணை கடந்து, நகை ஏலத்துக்குப் போகக்கூடும்.

வங்கிப் புத்தகத்தை வரி வரியாகப் பார்க்க வேண்டும். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்துக்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கப்படுகிறது. அந்தத் தொகை கடைசி ஆண்டில் பிடிக்கப்பட்டிருந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரவேண்டியிருக்கலாம். 20 ரூபாய் பிடித்தம் காணப்பட்டால் அது விபத்துக் காப்பீடாக இருக்கலாம். எதுவாயினும் காலம் தாழ்த்தாமல் வங்கியில் கேட்க வேண்டும். இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. அது சட்ட விரோதம். வாரிசுகளிடையே வழக்குக்கும் வித்தாகும்.

சங்கத்தில் பெறவேண்டியவை

நெசவாளர் வீட்டில் மரணம் நேரும்போது, தறியில் பாதி நெய்த பாவு நிற்பதுண்டு. அந்த நூல் சங்கத்துடையது. நெய்து ஒப்படைத்த துணிக்கான கூலியோ குடும்பத்துடையது. இரண்டையும் எடைபோட்டுக் கணக்குத் தீர்த்து, ரசீது பெறுதல் வேண்டும். பங்குத் தொகை, சேமிப்பு, நின்றுபோன கூலி, போனஸ் ஆகியவற்றிற்கு எழுத்து மூலம் கணக்குக் கேட்கலாம். பாக்கி ஏதும் இருந்தால் சங்கம் அதனை ஈடுசெய்துகொண்டு மிச்சத்தைத் தரும். சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த நெசவாளரின் குடும்பத்தார், குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா என்பதையும் காரியதரிசியிடம் கேட்டறிய வேண்டும்.

நியமனமும் வாரிசும்

ஒரு நெசவாளர் சங்கத்தின் நியமனப் பதிவேட்டைப் புரட்டியபோது, ஓர் அங்கத்தினர் மணமாகுமுன் தம் தாயாரை நியமித்திருந்ததைக் கண்டேன். தாயார் முன்னரே காலமாகிவிட்டார். பின்பு அவரும் போய்விட்டார். இருபது ஆண்டுகள் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த மனைவியின் பெயர் அந்தச் சங்கத்தின் எந்த ஏட்டிலும் இல்லை. சிறு தொகைக்காக அந்த அம்மையார் பல மாதம் அலுவலகங்களுக்கு நடக்க நேர்ந்தது. ஒரு வரியை மாற்றி எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

நியமனம் பெற்றவரே முழு உரிமையாளர் என்று எண்ணிவிடவும் கூடாது. மேற்கு வங்கக் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியது. சங்கம் நியமனதாரர் பெயருக்கே மாற்றித் தரக் கடமைப்பட்டது. மற்ற வாரிசுகள் தம் உரிமையைத் தனியே சட்டப்படி நிலைநாட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் கருத்து.

நியமனம் இல்லாதவிடத்துத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். பட்டா மாற்றத்துக்கும் அது வேண்டும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆடவரின் சொந்தச் சொத்தில், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகிய அனைவருக்கும் சம பங்கு உண்டு. மணமான மகளின் பெயரையோ, முதிய தாயாரின் பெயரையோ விட்டுவிட்டு விண்ணப்பிப்பது அநீதி. பின்னால் விவகாரத்துக்கும் இடமாகும். இஸ்லாமியர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பங்கு முறை வேறு. தகராறு எழுந்தால் சிவில் நீதிமன்றமே வழி. துக்கம் ஆறாத நாட்களில் யார் நீட்டினும், படித்துப் பாராத காகிதத்தில் கையெழுத்திட வேண்டாம்.

கடன் யாரைச் சேரும்?

பயிர்க்கடன் வாங்கியவர் இறந்தால் மகன் தன் சொந்த உழைப்பிலிருந்து கட்டியே ஆகவேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது சரியன்று. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பாளிகள். ஆனால் ஜாமீன் கையெழுத்திட்டவரின் பொறுப்பு நீங்காது. ஆகவே மரணத்தைச் சங்கத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, கடனுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டு, தவணை பற்றிப் பேசி முடிப்பது நலம். மறைத்து வைத்தால் வட்டியே வளரும்.

உயிருடன் இருக்கும்போதே

மேலே கூறிய தொல்லைகளில் பாதி, உயிருடன் இருக்கும்போது அரை மணி நேரத்தில் தீரக்கூடியவை. திருமணமானாலும், நியமிக்கப்பட்டவர் மறைந்தாலும் நியமனத்தைப் புதுப்பிக்க வேண்டும். வங்கி வைப்புக்கு 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்க இடமுண்டு. காகிதங்கள் எங்கே இருக்கின்றன, யாரிடம் எவ்வளவு கடன் என்பதை மனைவி அறிந்திருத்தல் வேண்டும். தறியில் உழைக்கும் பெண்கள் தாமே சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்வது இன்னும் மேலானது. அப்போது கூலியும் சேமிப்பும் அவர்கள் பெயரிலேயே நிற்கும்.

அடுத்த முறை கூலி வாங்கவோ கடன் தவணை கட்டவோ சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், நியமனப் பதிவேட்டில் தம் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் பெயரைக் காட்டும்படி காரியதரிசியைக் கேட்பாராக. காட்டுவது அவர் கடமை. கேட்பது உங்கள் உரிமை.