பனி வழிவிட்ட பாதையில் ஒரு கப்பற் பயணம்

உலகிலே உல்லாசக் கப்பல்கள் செல்லும் வழிகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை வெயிலையும் வெண்மணற் கரைகளையும் நாடிச் செல்வன. பனிக்கட்டியைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கடலேறிச் செல்லும் வழியும் ஒன்றுண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக, சியாட்டில் அல்லது வான்கூவர்த் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியை அடையும் வழியே அது.

மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரையுமே இப்பயணத்துக்குரிய காலம். பெரும்பாலும் ஏழு நாட்களில் முடிந்துவிடும். எண்ணிறந்த தீவுகள் பசிபிக் சமுத்திரத்தின் பேரலைகளைத் தடுத்து நிற்பதால், அவற்றின் உட்புறத்தேயுள்ள நீர்வழி பெரும்பாலும் ஏரிபோல் அமைதியாகக் கிடக்கும். இருமருங்கும் ஊசியிலைக் காடுகள் செறிந்த மலைகள். அவற்றின் உச்சியில் வெண்பனி. மலையிடுக்கிலே கடல் புகுந்த ஆழமான நுழைகழிகள். குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளை அண்டிய வெப்பக் கடலிற் கழித்த கூனல் திமிங்கிலங்கள், கோடையில் இரைதேடி இங்கு வந்து நீரைப் பீறியடிக்கும் காட்சியைக் கப்பலின் மேற்றளத்தில் நின்றே காணலாம்.

வழியிலுள்ள ஊர்கள் சிறியவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கெச்சிக்கனில் ஆண்டொன்றுக்குச் சுமார் 12 அடி மழை பெய்கிறது. அங்கே ஓடையின்மீது மரத்தூண்கள் நாட்டி வீடுகள் கட்டியுள்ளனர். கிளிங்கிட் என்னும் பூர்வ குடியினர் தம் குலச் சின்னங்களைச் செதுக்கிய நெடுந்தூண்களும் அங்குண்டு. சிற்கா ஒருகாலத்தில் இரசியரின் தலைநகராயிருந்தது. 1804ஆம் ஆண்டில் அந்நிலத்துக்காகக் கிளிங்கிட் மக்கள் இரசியருடன் போர் புரிந்தனர். 1867 ஒக்டோபர் 18ஆந் திகதி இரசியக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியதும் அவ்வூரிலேதான். அலாஸ்கா முழுவதற்கும் அமெரிக்கா கொடுத்த விலை 72 இலட்சம் டொலர். தமக்குச் சொந்தமில்லாததை இரசியர் எவ்வாறு விற்றனர் என்று கிளிங்கிட் மக்கள் கேட்டனர்.

ஸ்காக்வே 1897-98ஆம் ஆண்டுகளிற் பொன்வேட்கை கொண்டோர் திரண்ட ஊர். கனடாவினுள் நுழைய விரும்பியவர் ஓராண்டுக்குப் போதுமான உணவும் கருவிகளும், ஏறக்குறைய ஒரு தொன் நிறையுள்ளவை, தம்முடன் கொண்டு செல்லல் வேண்டுமென்பது விதி. அச்சுமையுடன் அவர்கள் ஏறிய மலைக்கணவாயில் 1900ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை பூர்த்தியாயிற்று. இன்று அதிலே உல்லாசப் பிரயாணிகள் செல்கின்றனர். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கோ வெளியூரிலிருந்து தெருவழி கிடையாது. கடலாலும் ஆகாயத்தாலுமே செல்லலாம்.

இப்பயணத்தின் சிகரம் கிளேசியர் பே எனப்படும் பனிக்கட்டியாற்று விரிகுடா. நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் அங்கு அனுமதியில்லை. தேசியப் பூங்காவின் காவலர் கப்பலில் ஏறிவந்து விளக்கங் கூறுவர். மார்ஜெரி என்னும் பனிக்கட்டியாற்றின் முன்னே கப்பல் நின்றுவிடும். மலைகளிலிருந்து 21 மைல் நீளத்துக்கு இறங்கி, கடலருகே ஒரு மைல் அகலத்தில், நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 250 அடி உயர்ந்த மதிலாய் அது நிற்கின்றது. அதன் நிறம் வெண்மையன்று, நீலம். நூற்றாண்டுக் கணக்கில் அழுந்திக் கிடந்த பனியிலிருந்து காற்றுக் குமிழிகள் வெளியேறிவிட, இறுகிய அக்கட்டி ஒளியின் செந்நிறத்தை விழுங்கி நீலத்தை மாத்திரமே வெளிவிடுகின்றது. சற்றுநேரம் பேரமைதி. திடீரென இடிமுழக்கம் போன்றதோர் ஓசை எழும். பார்ப்பதற்குள் பனிமதிலின் ஒருபகுதி இடிந்து கடலில் வீழ்ந்திருக்கும்.

கப்பல் மிதக்கும் அவ்விடம் அண்மைக்காலம் வரை கடலாக இருக்கவில்லை என்பதே வியப்புக்குரியது. 1794இல் கப்டன் வான்கூவரின் ஆய்வுக் குழுவினர் வந்தபோது, ஐந்து மைல் ஆழமுள்ள ஒரு சிறு வளைவையே கண்டனர். அதற்கப்பால் முழுவதும் பனி. 1879இல் ஜோன் மியூர் என்னும் இயற்கை அறிஞர் கிளிங்கிட் வழிகாட்டிகளுடன் தோணியிற் சென்றபோது பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் அது 65 மைல் உள்ளே சென்றுவிட்டது. 1883இலேயே எலைசா சிட்மோர் என்ற பத்திரிகை எழுத்தாளர் நீராவிக் கப்பலில் இங்கு வந்து, இரண்டு ஆண்டுகளின் பின் அலாஸ்காவைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். இவ்வழியின் உல்லாசப் பிரயாணம் அத்துணைப் பழமையானது.

பனி பின்வாங்கிய கதையை யாவரும் கூறுவர். பனி முன்வந்த கதையை ஹூனா கிளிங்கிட் மக்களே கூறுவர். இன்று விரிகுடாவாயிருக்குமிடம் முன்பு அவர்களது ஊர்கள் இருந்த பள்ளத்தாக்கு. பருவமெய்திய பெண்ணொருத்தி, நம்மவரிடையே இருந்த வழக்கம்போலவே, தனித்து வைக்கப்பட்டிருந்தாள். விலக்கை மீறி அவள், நாயை அழைப்பதுபோலப் பனியை அழைத்தாள். பனியும் நாய் ஓடும் வேகத்தில் ஓடிவந்தது என்பது அவர்களது மரபுக்கதை. பதினெட்டாம் நூற்றாண்டிலே பனிக்கட்டியாறு பெருகிவந்து அவர்களைத் துரத்தியதை விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்கின்றனர். அகதிகளான அவர்கள் நீரிணையின் மறுகரையிலே ஹூனா என்னும் ஊரை அமைத்தனர்.

பனி விலகியபின் அவர்கள் திரும்பிவர முடிந்ததா? 1925இல் அவ்விடம் அரசாங்கப் பாதுகாப்பு நிலமாகியது. 1980இல் தேசியப் பூங்காவாகியது. மூதாதையர் சேகரித்த கடற்புறா முட்டைகளை எடுத்தலும் குற்றமாயிற்று. அவ்வுரிமையை மீட்டளிக்கும் சட்டம் 2014இலேதான் நிறைவேறியது.

இன்று கவலை வேறு திசையில் எழுந்துள்ளது. மியூர் பனிக்கட்டியாற்றை 1941இலும் 2004இலும் ஒரேயிடத்திலிருந்து பிடித்த இரு படங்கள் பெயர்பெற்றவை. முதலாவதில் பனிக்கடல், இரண்டாவதில் வெறும் நீரும் பசும் புதர்களும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் போன்ற ஒருசில பனிக்கட்டியாறுகள் நிலைத்து நிற்பினும், அலாஸ்காவில் மிகப் பெரும்பாலானவை சுருங்கி வருகின்றன. ஆதியிலே பனி விலகியது இயற்கையின் போக்கு. இன்று மனிதன் எரிக்கும் எண்ணெயும் நிலக்கரியும் அதனை விரைவுபடுத்துகின்றன. ஜூனோவின் மென்டன்ஹோல் பனிக்கட்டியாற்றருகே தேங்கும் உருகுநீர் உடைப்பெடுத்து, 2023 ஒகஸ்டில் வீடுகளை ஆற்றிலே வீழ்த்தியது. அடுத்த ஆண்டில் நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமுற்றன.

அதே ஜூனோவின் சனத்தொகை ஏறத்தாழ 32,000. 2023இல் கப்பலேறி அங்கு வந்தோரோ 16 இலட்சத்துக்கு மேல். கடைக்காரர் மகிழ்ந்தனர், நெரிசலில் அகப்பட்டோர் சலித்தனர். சனிக்கிழமைகளிற் பெருங்கப்பல்களைத் தடுக்கவேண்டுமென்ற பிரேரணையை 2024 ஒக்டோபரில் நகரமக்களே வாக்களித்து நிராகரித்தனர். ஆயினும் நாளொன்றுக்கு 16,000, சனிக்கிழமைகளில் 12,000 எனப் பயணிகளுக்கான படுக்கைத் தொகையை 2026 முதல் மட்டுப்படுத்த நகரசபையும் கப்பற் கம்பனிகளும் உடன்பட்டன. பனி உருகுவதைக் காணச் செல்லும் கப்பலும் எண்ணெய் எரித்தே செல்கின்றது என்பதைப் பயணிகள் சிந்தித்தல் நன்று.

2016ஆம் ஆண்டிலே விரிகுடாவின் வாயிலில், பார்ட்லற் கோவ் என்னுமிடத்தில், ஹூனா மக்களின் குலமனை ஒன்று எழுந்தது. செதுக்கிய மரமுகப்புடன் அது கடலை நோக்கி நிற்கின்றது. பெருங்கப்பல்கள் அங்கு நிற்பதில்லை. பயணிகள் அதனைக் கடந்து பனியிடம் செல்கின்றனர். அதனைக் காண விரும்புவோர் ஜூனோவிலிருந்து சிறு விமானத்திலோ படகிலோ கஸ்டேவஸ் என்னும் சிற்றூருக்குச் சென்று, அங்கிருந்து பத்து மைல் தெருவழி போதல் வேண்டும். பனியைக் கண்டவர், பனிக்கு ஊரை இழந்தவர்களின் வீட்டையும் ஒருமுறை கண்டு வருதல் தகும்.