ஹைப்ரிடோமா என்னும் கலப்பணு

சித்தூரும் திருப்பதியும் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தன. அந்நாள் முதல் அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிழைப்பு நாடிப் பின்னர்க் குடியேறியவர்களும் உண்டு. உயிரியல் பயிலும் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாவிடில், படித்த படிப்பே வீண் என்று இவ்வில்லங்களிற் பலர் சோர்ந்துவிடுகின்றனர். அவ்வாறு சோர வேண்டுவதில்லை என்பதற்குச் சான்றாக, ஹைப்ரிடோமா என்னும் கலப்பணுவின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகிறோம்.

உடலினுள் அயற்பொருள் ஒன்று புகுந்தால், வெள்ளணுக்களுள் ஒருவகை அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, உண்டாக்குகிறது. ஓர் அணு ஒரேவகை எதிர்ப்பொருளையே தரும். ஆயின், அவ்வணுவை வெளியே எடுத்து வளர்த்தால் சில நாட்களில் மடிந்துவிடும். புற்றணுவோ ஓயாது பெருகும். இவ்விரண்டையும் ஒன்றாக்கினால் என்ன?

1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் சீசர் மில்ஸ்டீன், ஜார்ஜ் கோலர் என்னும் இருவர் அதனைச் செய்து காட்டினர். 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். மில்ஸ்டீன், அர்ஜென்டினாவில் குடியேறிய ஒருவரின் மகன். அங்கு நேர்ந்த அரசியற் குழப்பத்தால் 1963இல் பணி துறந்து இங்கிலாந்து சேர்ந்தவர். கோலர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். பிறந்த மண்ணைப் பிரிந்தோர் பெற்ற இவ்வெற்றி நமக்கும் ஊக்கம் தருவதன்றோ? அவர்கள் கண்ட முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. ஆதலின் உலகெங்கும் அது விரைந்து பரவிற்று.

செய்முறை இதுவே. ஆராய வேண்டிய பொருளைச் சுண்டெலிக்கு ஊசிமூலம் செலுத்துவர். பின்னர் அதன் மண்ணீரல் அணுக்களைப் புற்றணுக்களுடன் இணைப்பர். இணையாத புற்றணுக்கள் பிழைக்க இயலாத ஊட்டக் கரைசலில் அவற்றை இடுவர். இணையாத மண்ணீரல் அணுக்கள் தாமே மடியும்; கலப்பணுக்கள் மட்டுமே எஞ்சும். அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்து, ஓர் அணுவிலிருந்து ஒரு குலத்தையே வளர்த்தெடுப்பர்.

வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். 37 பாகை வெப்பமும், காற்றில் நூற்றுக்கு 5 பங்கு கரியமில வாயுவும் மாறாதிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை கூட்டத்தைப் பிரித்துப் புதிய ஊட்டம் இட வேண்டும். ஒரு துளி அசுத்தம் புகுந்தால் பல வார உழைப்பு பாழாகும். எனவே, ஒரு பகுதியைச் சுழிக்குக் கீழே 196 பாகைக் குளிருள்ள திரவ நைட்ரஜனில் சேமித்து வைப்பர். அணுக்கள் மிதக்கும் நீரிலேயே எதிர்ப்பொருள் சேர்கிறது.

இதனால் விளையும் பயன் யாது? கோழிமுட்டையில் குஞ்சு உருவாக 21 நாட்கள் ஆகின்றன. ஆரம்ப நாட்களில் எவ்விடத்தில் தசை தோன்றுகிறதென வெறுங்கண்ணால் அறிய இயலாது. மயோசின் என்னும் தசைப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுடன் நிறமூட்டும் பொருளையும் சேர்த்தால், அவ்விடம் மட்டும் தெளிவாய்த் தோன்றும். கரு வளர்ச்சியின் ஒழுங்கும் அதிற் பிறழ்வு நேரும் விதமும் இத்தகைய கருவிகளாலேயே விளங்குகின்றன. இவற்றைத் தரும் கலப்பணுக்களைக் காத்து, ஆராய்ச்சியாளருக்கு எதிர்ப்பொருளை வழங்கும் வங்கியொன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையமும் உயிரணுக்களைச் சேமித்து வழங்குகிறது. ஆகவே, தலைநகரங்களுக்கு அப்பாலுள்ள ஆய்வுக்கூடங்களும் இவற்றைப் பெற்று ஆராயலாம்.

திருப்பதியில் 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் உள்ளது. 2015இல் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஏர்ப்பேட்டினருகே இயங்குகிறது. அதன் ஐந்தாண்டு விஞ்ஞானப் படிப்பிற்கு நுழைவுத் தேர்வு உண்டு. சித்தூர்ப் பிள்ளைகளுக்கும் இவை எட்டாத் தொலைவன்று. பெற்றோர் இவற்றைப் பற்றி விசாரித்தறிந்து, பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்பார்களாக. மருத்துவர் கையாளும் கருவிகளை ஆக்கித் தருவோரும் பிணி தீர்க்கும் பணியில் பங்குடையவரே என்பதை மறவாதிருப்போமாக.