அடங்கியது மருந்தாலா, தானாகவா?

வராகர் கோயிலும் அதன் பெரிய குளமும் உள்ள ஸ்ரீவராகத்திலிருந்து ஐராணிமுட்டம் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி பக்கம்தான். திருவனந்தபுரத்தின் இந்தப் பகுதியில் சொரியாசிஸ் வந்தவர்கள் ஹோமியோபதியைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஹோமியோ மருத்துவர் நிதானமாக உட்காரவைத்துத் தூக்கம், பசி, மனக்கவலை எல்லாம் விசாரிக்கிறார். தொற்றவே தொற்றாத இந்த நோய்க்குப் பயந்து ஊர் விலகி நிற்கும்போது, அந்த விசாரிப்பு பெரிய ஆறுதல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் மருந்து? தோலின் மேலடுக்குச் செல்கள் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு அமைப்பு தடம் மாறித் தூண்டுவதால் சில நாட்களிலேயே செல்கள் மேலே வந்து, வெள்ளிச் செதிலாகக் குவிகின்றன. தொண்டைப் புண், மன அழுத்தம், வறண்ட குளிர் ஆகியவற்றால் நோய் சீறும். பலருக்கு வெயில் பட்டால் தணியும். சிலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். நோய் முற்றியிருக்கும்போதுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். அதன்பின் தானாகத் தணிந்தாலும் பெயர் மருந்துக்குப் போகிறது. நோய் கூடினாலோ, 'மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது' என்று விளக்கம் வருகிறது. கூடினாலும் குறைந்தாலும் மருந்துக்கே வெற்றி என்றால், அதைச் சோதிப்பது எப்படி?

ஹோமியோ மருந்தில் 30சி வீரியம் என்பது நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்க்கச் செய்தது. பன்னிரண்டாம் படியைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் 2015-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மஹோனியா என்ற செடியின் 10 சதவீதச் சாறு கலந்த களிம்பு, 2006-இல் வெளியான ஆய்வில் மிதமான சொரியாசிஸுக்கு ஓரளவு பயன் தந்தது. இதே செடி ஹோமியோ கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் களிம்பில் இருந்தது நீர்த்துப்போகாத மூலிகைச் சாறு. அதன் பலனைச் சர்க்கரை உருண்டையின் கணக்கில் எழுத முடியாது.

என் கவலை உருண்டையைப் பற்றியதல்ல, அதற்காகக் கைவிடப்படும் சிகிச்சையைப் பற்றியது. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பெங்கும் சீழ்க்கொப்புளம் கிளம்பக்கூடும். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டையும் தாக்கும். சேதமான மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. ஹோமியோபதி எடுப்பவராக இருந்தாலும், தோல் மருத்துவரைக் கேட்காமல் பழைய மருந்தை நிறுத்தாதீர்கள். காலையில் எழுந்ததும் விரல் மடங்க மறுத்தால் நாள் கடத்தாமல் அவரிடம் போய்க் காட்டுங்கள்.