ஃபிலிம் கழுவ ஐஸ் கட்டி

மும்பை ஆண்டாப் ஹில் நேயர்களே, அப்பாவின் பழைய அக்ஃபா கிளிக் கேமரா இன்னும் பரணில் கிடக்கிறதா? தூசி தட்டி எடுங்கள். 120 அளவு ஃபிலிம் போட்டால் 12 படம் எடுக்கலாம். இந்தியாவிலேயே ஃபிலிம் செய்த காலமும் உண்டு. ஊட்டியில் 1960-ல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் விற்றது.

கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டுக் குளியலறையிலேயே கழுவலாம். ஃபிலிமை ஒளிபுகாத டேங்குக்குள் சுற்றும்வரை மட்டும் கும்மிருட்டு வேண்டும். மூடியபின் விளக்கைப் போடலாம்.

நம் ஊரில் சிக்கலே வெயில்தான். படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பருக்கு வழக்கமான சூடு 20 டிகிரி. மே மாதக் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தொடும். அந்தச் சூட்டில் படம் மளமளவென்று கறுத்து, திட்டுத்திட்டாகிவிடும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட பேசினில் வையுங்கள். ஐஸை மருந்துக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள், நீர்த்துப்போகும். அடுத்து வரும், படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும். சட்டென்று மாறினால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கிப்போகலாம்.

இன்னொன்று. மும்பை மழை ஈரத்தில் பழைய லென்ஸில் பூஞ்சை படரும். ஜூன் பிறக்குமுன் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கேமராவை எடுத்து வைத்துவிடுங்கள்.