மறைந்துபோன கித்தார்க் கோஷ்டிகள்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் வண்டியில் நம் தங்கவயல் மக்கள் திரளாக வேலைக்குச் செல்வதை நேயர்கள் அறிவர். உறங்குவோர் பாதி; சீட்டாடுவோர் சிலர்; காதில் கம்பியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்போர் மீதி. நாம் மூன்றாவது கட்சி. சென்ற கார்த்திகையில் ஒரு நாள், பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் தம் கைபேசியை நம்மிடம் நீட்டி, "இதைக் கேளுங்க சார், எந்த ஊருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். கித்தார் முழங்கிற்று; டிரம் அதிர்ந்தது. ராக் சங்கீதத்தில் ஓரளவு பழக்கம் உண்டென்ற கர்வத்தில் "இங்கிலாந்து" என்றோம். "ஷில்லாங் சார்! ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்று அவர் நகைத்தார்.

அக்கோஷ்டியின் பெயர் ஃபென்டோன்ஸ். 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளில் இம்பீரியல் டுபாக்கோ கம்பெனியார் தங்கள் சிம்லா சிகரெட்டை இளைஞரிடையே பரப்பும் பொருட்டு நாடெங்குமுள்ள கோஷ்டிகளுக்குப் போட்டி வைத்து, தேர்ந்தவற்றை 'சிம்லா பீட்' என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டனர். புகையிலை வியாபாரிக்குச் சங்கீதத்தின் மீது உண்டான காதல் எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்விரண்டு தட்டுகள் இல்லாதிருந்தால் கன்ஃபியூஷன்ஸ், டைனோசார்ஸ், கிரேட் பேர், ஜெனுவைன் ஸ்பேர்ஸ், வெல்வெட் ஃபாக் என்ற பெயர்களை இன்று உச்சரிப்பாரே இரார். சிலர் மேனாட்டுப் பாட்டுகளைத் திருப்பிப் பாடினர். சிலர் தாமே இயற்றிப் பாடினர். நமக்குப் பிடித்தவை பின்னவையே. வாசிப்பில் பிசிறு உண்டு. ஒலிப்பதிவோ ஏழை வீட்டுக் கல்யாணம் போன்றது. எனினும் அப்பிள்ளைகளின் துணிச்சல் நம்மை மயக்கிவிட்டது. வெளிநாட்டுக் கித்தார் கிடைப்பது குதிரைக் கொம்பாயிருந்த காலம் அது. பலர் உள்ளூர் ரேடியோ ரிப்பேர்காரரைக் கொண்டு ஒலிபெருக்கி செய்வித்து, இலங்கை வானொலியில் கேட்டதைக் காதால் பிடித்து வாசித்தனர். இவர்களைப் பற்றி அந்நாளில் எழுதிவந்தது கல்கத்தாவின் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' வாரப் பத்திரிகை. அப்பத்திரிகை 1977-இல் நின்றபின் பேச்சும் ஓய்ந்தது. 2014-இல் சித்தார்த் பாட்டியா என்னும் பத்திரிகையாளர் 'இந்தியா சைக்கடெலிக்' என்ற நூலில் இவர்கள் கதையைத் தொகுத்தளித்தார்.

நம்மவர் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. 1970களில் தென்னாட்டில் புகழ்பெற்றிருந்த 'ஹ்யூமன் பாண்டேஜ்' என்னும் கோஷ்டியில் டிரம் முழக்கிய ரமேஷ் ஷோத்தம் சென்னையில் பிறந்தவர். அவர் பின்னாளில் பெங்களூரிலுள்ள கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியில் தவில் பயின்று, ஜெர்மனியில் குடியேறி, ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் நம் தவிலை ஒலிக்கச் செய்தவர். ராக்கில் தொடங்கித் தவிலுக்கு வந்து சேர்ந்த மனிதர்! நம் வீட்டுப் பெரியவர்கள், "கித்தார் கற்றால் பிள்ளை கெட்டுப்போவான்" என்று அஞ்சுமிடத்து இதனை எடுத்துச் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் தேடிப் படிக்கையில் நம்மை உறங்கவிடாது செய்த செய்தி வேறொன்று. அது ஆப்பிரிக்காவில் உள்ள ஜாம்பியா நாட்டைப் பற்றியது. 1964-இல் விடுதலை பெற்ற அந்நாடு தாமிரச் சுரங்கங்களால் வாழ்வது. 1970களில் அச்சுரங்க நகரங்களில் ராக் கோஷ்டிகள் பல தோன்றின. 'ஜாம்ராக்' என்று அவ்விசைக்கே பெயர் ஏற்பட்டது. அவற்றுள் தலையாயது 'விட்ச்'. அதன் பாடகர் எம்மானுவேல் சாண்டா, கிட்வே என்னும் தாமிர நகரில் வளர்ந்தவர்; மிக் ஜாகரின் பெயரைத் தம் நாட்டு நாவுக்கேற்ப மாற்றி 'ஜகாரி' என்று அழைக்கப்பட்டவர். தாமிர விலை சரிந்தது; நாட்டில் வறுமை சூழ்ந்தது; கொடிய நோய் பரவிற்று. கோஷ்டியின் ஆதி உறுப்பினரில் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சிய ஜகாரி மணிக்கல் தேடி மண்ணைத் தோண்டிப் பிழைத்தார். பல்லாண்டுகள் கழித்துப் பழைய தட்டுகளை எங்கோ கண்டெடுத்த அயல்நாட்டு ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பகிர, கலிபோர்னியாவின் 'நௌ-அகெய்ன்' என்னும் சிறு நிலையத்தார் 2012-இல் விட்சின் பாட்டுகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்தனர். (பம்பாயின் 'அட்டாமிக் ஃபாரஸ்ட்' கோஷ்டியை 2011-இல் மீட்டளித்தவரும் இவர்களே.) முதுமையில் ஜகாரி ஐரோப்பிய மேடைகள் ஏறினார், 2023-இல் புதிய தட்டும் வெளியிட்டார்.

சுரங்க ஊர், சரிந்த தொழில், மறந்த பாட்டு. இது நம் ஊர்க் கதையன்றோ? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்ததிலிருந்து, ஆற்காடு, சேலம் சீமைகளிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இவ்வூரிலும் கித்தார் முழங்காமலா இருந்தது?

நந்திதுர்க்கில் நம் தெருக்கோடியில் வசிக்கும் முதியவர் ஒருவரைக் கேட்டோம். சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். இளமையில் கிறிஸ்துமஸ் நடனங்களுக்கு டிரம் வாசித்தவர். "அதெல்லாம் யாருக்குத் தம்பி வேணும்?" என்றவர், நாம் விடாது கெஞ்சவே, டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒலிநாடாச் சுருள் ஒன்றை எடுத்துத் தந்தார். அவர்கள் ஒத்திகையைத் தோழர் ஒருவர் பதிந்தது. அதனை ஓட்டும் யந்திரம் ஊரில் எவரிடமும் இல்லை. பெங்களூரில் ஒரு கடையில் கொடுத்தோம். பழுதான யந்திரத்திலிட்டு முதற்பகுதியை மென்று தின்றுவிட்டனர்! அவமானமும் துயரமும் மேலிட, அந்நாடாவை வேறொருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் பொறுமையாகச் சுத்தம் செய்து ஓட்டியதில் பதினொரு நிமிடம் தேறிற்று.

அதனைக் கைபேசியில் ஏற்றி முதியவர் வீட்டுத் திண்ணையில் ஒலிக்கவிட்டோம். கித்தார் ஒன்று சுருதி விலகியிருந்தது. யாரோ இருமினர். நடுவில் நெடிய ஊளை ஒன்று எழுந்து அடங்கிற்று. நாம் அதனை நாடாவின் கோளாறு என்றே எண்ணினோம். முதியவர் கையை உயர்த்தி நம்மை நிறுத்தினார். "சங்கு, தம்பி. ரெண்டாவது ஷிப்டு" என்றார். அவர் பேரன் சுரங்கச் சங்கைத் தன் வாழ்நாளில் கேட்டவனல்லன். மறுபடி அதையே போடச் சொல்லி மூன்று முறை கேட்டான்.

நேயர்கள் வீட்டுப் பரண்களிலும் இத்தகைய நாடாவோ, தட்டோ, காசெட்டோ இருக்கலாம். அவற்றைத் துணியால் துடைக்க வேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம். கிடைத்த யந்திரத்திலிட்டு ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காது நிறுத்தி வைக்கவும். வாசித்தவர் பெயர்களை, நினைவிருக்கும்போதே, உறையின்மேல் எழுதி வைக்கவும். சங்கக் காரியதரிசியிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே வந்து பெற்றுச்சென்று, பிரதி எடுத்தபின் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.